கருவிலும் இளமையிலும் கஞ்சா: ஒரு வினாவின் வரலாறு

1893 ஆம் ஆண்டிலே பிரித்தானிய இந்திய அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. கஞ்சா, பங்கி, சரசு என்னும் மூன்று பெயர்களில் இந்திய நாடெங்கும் வழங்கி வந்த ஒரே செடியின் பயன்பாட்டை ஆராய்ந்து, அதனைத் தடை செய்தல் தகுமா, வரி விதித்துக் கட்டுப்படுத்துதல் தகுமா என்று கூறுவதே அக்குழுவுக்கு இடப்பட்ட பணி. குழுவினர் அனுப்பிய நீண்ட வினாப் பட்டியலில் ஒரு வினா ஏனையவற்றினின்றும் வேறுபட்டு நின்றது. கஞ்சாவை அளவாக உட்கொள்வோருடைய பிள்ளைகளை அப்பழக்கம் எவ்வகையிலேனும் பாதிக்கின்றதா என்பதே அது. கேட்டவர்கள் அதனைப் பல வினாக்களுள் ஒன்றாகவே கேட்டனர். விடை பகர்ந்தோரும் தத்தம் அபிப்பிராயத்தைக் கூறிச் சென்றனர். ஆயினும், அவ்வினாவுக்கு அபிப்பிராயமாக அன்றி ஆராய்ச்சியாக ஒரு விடை கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. அந்த விடை கிடைத்த வரலாறு, விடையைப் போலவே அறியத்தக்கது.

மக்வேர்த் யங் என்பார் தலைமை தாங்கிய அவ்வாணைக்குழுவில் ஆங்கிலேயரோடு இந்தியர் மூவரும் இடம்பெற்றிருந்தனர். குழுவினர் பல மாகாணங்களுக்கும் சென்று, 1,193 சாட்சிகளின் கூற்றுக்களைப் பதிவு செய்தனர். வைத்தியர், கலெக்டர், பயிர் செய்வோர், வணிகர், சமயத் துறவியர் எனப் பல திறத்தாரும் சாட்சியம் அளித்தனர். அக்காலத்தில் கஞ்சாவுக்கு எதிராக எடுத்துக் காட்டப்பட்ட வலிய ஆதாரம், பைத்தியசாலை என்று அந்நாளில் அழைக்கப்பட்ட மனநோய் விடுதிகளின் பதிவேடே ஆகும். 1892 ஆம் ஆண்டில் அவ்விடுதிகளிற் சேர்க்கப்பட்டோருள் 222 பேருடைய நோய்க்குக் கஞ்சாவே காரணம் என்று ஏடுகள் கூறின. குழுவினர் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவருடைய செய்தியையும் அவரவர் ஊருக்கே ஆளனுப்பி விசாரித்தனர். விசாரணையின் முடிவில், கஞ்சாவோடு ஒருவாறு தொடர்புபடுத்தத் தக்கவை என்று எஞ்சியவை 98 மட்டுமே. நோய்க்குக் காரணம் எழுதுவதற்கென ஏட்டில் ஒரு கட்டம் இருந்தது. காரணம் தெரியாதவிடத்து, நோயாளியைக் கொண்டுவந்த காவலரின் வாய்மொழியை நம்பிக் 'கஞ்சா' என்று எழுதிவிடுவது எளிதாய் இருந்தது. பெரும்பாலான பதிவுகள் இவ்வாறு பிறந்தவையே.

1894 ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை, அளவான பழக்கம் மனத்துக்குத் தீங்கு விளைப்பதில்லை என்றும், அளவு மீறிய பழக்கம் ஏற்கெனவே தளர்ந்த மனத்தை மேலும் தளர்த்தக்கூடும் என்றும் முடிவு கூறியது. இந்திய உறுப்பினர் இருவர் அம்முடிவோடு முழுவதும் இணங்காது தம் மாறுபாட்டைத் தனியே எழுதினர். பீதியையும் வதந்தியையும் ஏற்காமல் உண்மையைத் தேடிய வகையில் அவ்வறிக்கை இன்றும் மதிக்கப்படுகின்றது. எனினும், பிள்ளைகளைப் பற்றிய வினா மட்டும் அதிலே விடையின்றியே கிடந்தது. வளர்ந்த மனிதனைப் பார்த்து அவன் தள்ளாடுகின்றானா, பிதற்றுகின்றானா என்று கூறுதல் எளிது. கருவிலே கிடந்த ஒரு குழந்தை பத்தாண்டுகளுக்குப் பின் வகுப்பறையிலே எவ்வாறு கற்கும் என்பதை எந்தச் சாட்சியும் கண்ணாற் கண்டு கூற இயலாது. அதனை அறிய, அக்குழந்தையோடு கூடவே பத்தாண்டு நடந்து செல்ல வேண்டும்.

ஆணைக்குழுவுக்கு அரை நூற்றாண்டு முன்னரே கஞ்சா மேலை மருத்துவத்துட் புகுந்துவிட்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் கற்பித்த அயர்லாந்து வைத்தியர் ஓஷானெசி என்பார், உள்ளூர் வைத்தியர்களிடமும் மௌலவிகளிடமும் இச்செடியின் குணங்களைக் கேட்டறிந்து, முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1839 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். வாதநோய், வில்வாதம் ஆகியவற்றால் வருந்தியோருடன், வலிப்பினால் துடித்த நாற்பது நாட் குழந்தை ஒன்றுக்கும் அவர் இம்மருந்தைத் துளித்துளியாகக் கொடுத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆயின் பிழைத்த குழந்தை பின்னாளில் எவ்வாறு வளர்ந்தது என்று எவரும் கேட்டிலர். பாரிசு மாநகரிலே மொரோ என்னும் மனநோய் வைத்தியர், 1845 ஆம் ஆண்டில், இப்பொருள் தரும் மயக்கத்தை மனநோயின் ஒரு சாயலாகக் கருதி நூலொன்று எழுதினார். அவரும் வளர்ந்தோரின் மனத்தையே நோக்கினார்.

வினா விடையின்றிக் கிடந்ததற்கு இரண்டு தடைகள் இருந்தன. கஞ்சாவில் மயக்கம் தருவது எப்பொருள் என்பதே அறியப்படாதிருந்தது முதலாவது தடை. பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து அளக்கும் முறை இன்னும் தோன்றாதிருந்தது இரண்டாவது தடை. அபினியிலிருந்து மோர்பீனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேதியியலார் பிரித்தெடுத்தனர். கொக்கோ இலையிலிருந்து கொக்கெயினை 1860 அளவிற் பிரித்தெடுத்தனர். கஞ்சாவின் சாரமோ எண்ணெயும் பிசினுமாய், ஒன்றை ஒன்று ஒத்த பல பொருள்களின் கலவையாய் இருந்தமையால், அவர்கள் கையில் அகப்படாது நழுவிற்று.

முதலாவது தடையை நீக்கியவர் இசுரவேல் நாட்டு வேதியியலாளர் ரபாயேல் மெசூலம் ஆவர். 1930 ஆம் ஆண்டில் பல்கேரிய நாட்டின் சோபியா நகரிற் பிறந்த அவர், ஆராய்ச்சிக்கு வேண்டிய கஞ்சாப் பிசினை எங்கே பெறுவதென்று எண்ணி, காவற் பகுதியாரையே அணுகினார். கடத்தல்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஐந்து கிலோகிராம் பிசின் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதனைப் பையிலிட்டுப் பேருந்திலே தம் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றபோது, உடன் சென்ற பயணிகள் இஃதென்ன வாசனை என்று வியந்தனராம். 1964 ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தோழர் கயோனியும், மயக்கம் தரும் பொருளைத் தூய நிலையிற் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். ரி.எச்.சி. என்று மூன்றெழுத்தாற் சுருக்கி வழங்கப்படுவது அப்பொருளே.

பொருள் கிடைத்தது, அது மூளையில் எங்கே சென்று பற்றுகின்றது என்பது அடுத்த வினாவாயிற்று. 1988 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அலின் ஹவ்லற், வில்லியம் டிவேன் ஆகியோர், எலியின் மூளைக் கலங்களிலே ரி.எச்.சி.யைப் போன்ற பொருள்களைத் தேர்ந்து ஏற்கும் வாங்கிகள் உளவெனக் காட்டினர். பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துதல் போல, இவ்வாங்கிக்கு அப்பொருள் பொருந்துகின்றது. 1990 ஆம் ஆண்டில் அவ்வாங்கியின் மரபணுவும் கண்டறியப்பட்டது. நினைவைப் பதிக்கும் பகுதி, அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை, எண்ணித் துணியும் முன்மூளை முதலிய இடங்களில் இவ்வாங்கிகள் செறிந்து கிடக்கின்றன. மூச்சை இயக்கும் மூளைத் தண்டிலோ அவை மிகக் குறைவு. அபினிப் பொருள்களைப் போல் இது மூச்சை நிறுத்திக் கொல்லாமைக்கு அதுவே காரணம்.

மூளையிலே இத்தகைய பூட்டு அமைந்திருப்பது கஞ்சாச் செடிக்காக அன்று. உடலே ஆக்கிக்கொள்ளும் திறவுகோல் ஒன்று இருத்தல் வேண்டும். 1992 ஆம் ஆண்டில் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில், மெசூலத்தின் ஆய்வுகூடத்திலே பன்றியின் மூளையிலிருந்து அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'ஆனந்தமைட்டு'. வடமொழியின் 'ஆனந்தம்' என்னும் சொல்லே அதன் முதலுறுப்பு. நம் செவிக்கு நன்கு பழகிய சொல் உலக வேதியியல் நூல்களில் இவ்வாறு இடம்பெற்றது. 1995 ஆம் ஆண்டில் இதனை ஒத்த இன்னொரு பொருளும் கண்டறியப்பட்டது. ஒரு நரம்புக்கலம் மற்றொன்றுக்கு அளவு மீறிச் செய்தி அனுப்புமாயின், செய்தியைப் பெறும் கலம் இப்பொருளைச் சிறிதளவு பின்னோக்கி அனுப்பி, 'போதும், நிறுத்து' என்று அடக்குகின்றது. வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில், வேண்டிய அளவே அது சுரந்து, உடனே அழிந்துபோகின்றது. கஞ்சாப் புகையோடு வரும் ரி.எச்.சி.யோ இடமும் கணமும் அளவும் பாராது மூளை முழுதும் பரவி, அவ்வாங்கிகளை நெடுநேரம் பற்றிக்கொள்கின்றது.

1893 ஆம் ஆண்டின் வினாவுக்கு உயிர்நாடியான செய்தி இங்கேதான் வெளிப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆராய்ந்தோர், இவ்வாங்கிகள் கருவின் மூளையிலேயே மிக முன்னதாகத் தோன்றிவிடுகின்றன என்று கண்டனர். வளரும் நரம்பிழை எத்திசையிற் செல்ல வேண்டும், எக்கலத்தோடு இணைய வேண்டும் என்பதற்கு வழி காட்டும் பணியில் உடலின் இந்த ஆனந்தப் பொருள்களுக்கும் பங்குண்டு. வளர்ந்தோர் மூளையிற் செய்தியை அடக்கும் காவலராய் விளங்கும் இவை, கருவின் மூளையிலே கட்டடம் எழுப்பும் கொத்தருக்குத் துணைநிற்கும் மேற்பார்வையாளராய் விளங்குகின்றன. முடிந்த வீட்டினுள்ளே ஒருவன் புகுந்து கூச்சலிட்டால் வீட்டார் துயில் கெடும். விடிந்தால் வீடு பழைய வீடே. சுவர் எழும்பும் காலத்தில் அவனே புகுந்து கொத்தருக்கு மாறான ஆணைகளை இடுவானாயின், பின்னர் அவன் போய்விட்டாலும் சுவரின் கோணல் போகாது. தாய் உட்கொண்ட ரி.எச்.சி. சூல்வித்தகம் என்னும் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகின்றது. தாய்ப்பாலிலும் அது கலக்கின்றது. கடைசியாகப் புகைத்து ஆறு நாட்கள் சென்ற பின்னரும் பாலிற் காணப்பட்டதாக 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று அறிவித்தது.

இரண்டாவது தடையை நீக்கும் பணி இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1978 ஆம் ஆண்டில், கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள காள்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீற்றர் பிரைட், கர்ப்பிணிப் பெண்களைச் சந்தித்து, அவர்கள் புகையிலை, மது, கஞ்சா ஆகியவற்றை எவ்வளவு பயன்படுத்தினர் என்று பதிவு செய்யத் தொடங்கினார். பிறந்த குழந்தைகளை அவர் விட்டுவிடவில்லை. பள்ளிப் பருவத்திலும், குமரப் பருவத்திலும், அதற்கு அப்பாலும் அழைத்து அளந்து பார்த்தார். கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்திய தாயரின் சிசுக்கள் பிறந்த சில நாட்களில் நடுக்கமும் திடுக்கிடலும் மிகுதியாகக் காட்டின. பின்னர் அவ்வேறுபாடு மறைந்தது. மூன்று வயது வரையில் இவர்களுக்கும் பிறருக்கும் வேற்றுமை ஏதும் காணப்படவில்லை என்றே கூறலாம். அத்துடன் ஆராய்ச்சி நின்றிருக்குமாயின், தீங்கில்லை என்ற முடிவே எஞ்சியிருக்கும். நான்கு வயதிலே நினைவாற்றலிலும் சொல்லாற்றலிலும் சிறிய பின்தங்கல் தென்பட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதில், நுண்மதி ஈவு குறையாதிருக்கவே, கவனத்தை ஒருமுகப்படுத்துதல், கண்ணாற் கண்டவற்றை ஆராய்ந்து திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல் ஆகிய திறன்களிற் குறை காணப்பட்டது.

இது ஏன் பிந்தித் தோன்றிற்று என்பதை ஆசிரியர் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். மூன்று வயதுக் குழந்தையிடம் எவரும் திட்டமிடும் திறனை எதிர்பார்ப்பதில்லை. அத்திறனை ஆளும் முன்மூளைப் பகுதி முதிர்வதற்கு இருபது வயதும் அதற்கு மேலும் ஆகின்றது. ஆகவே, அடித்தளத்தில் நேர்ந்த கோணல், மேல்மாடி எழும்பும் பொழுதுதான் கண்ணுக்குப் புலனாகின்றது.

ஒட்டாவாவில் ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர். 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் நான்சி டே என்பவரும் அவருடைய குழுவினரும் தொடங்கிய ஆய்வில் இடம்பெற்ற தாய்மாரோ வறுமைப்பட்டவர்கள். வாழ்க்கை நிலை வேறாயினும், முடிவுகள் ஒரு திசையையே காட்டின. கருவிலே கஞ்சாவுக்கு ஆட்பட்ட பிள்ளைகள் பத்து வயதிலே கவனச் சிதறலும், அமைதியின்மையும், முன்பின் எண்ணாது செயற்படும் தன்மையும் கூடுதலாகக் காட்டினர். பதினான்கு வயதிலே பள்ளிப் பாடங்களிற் பின்தங்கல் காணப்பட்டது. இவையெல்லாம் சராசரியைப் பற்றிய கூற்றுக்கள் என்பதை மறத்தல் ஆகாது. வேறுபாடுகள் பெரும்பாலும் சிறியனவே. அத்தகைய தாயருக்குப் பிறந்த பிள்ளைகளுள் நன்கு கற்று நன்கு வாழ்ந்தோரும் பலர்.

இதற்கு மாறான சான்றும் ஒன்றுண்டு. 1845 ஆம் ஆண்டு முதல் இந்தியக் கூலித் தொழிலாளர் யமேக்காத் தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 'கஞ்சா' என்னும் சொல்லும் அவர்களோடு சென்று, அத்தீவின் பொதுச் சொல்லாயிற்று. அங்குள்ள நாட்டுப்புறப் பெண்கள் கஞ்சா இலையைத் தேநீர் போல் அவித்துக் குடித்தலும், சிலர் புகைத்தலும் வழக்கம். மெலனி டிரெயர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கே தங்கி, கஞ்சா பயன்படுத்திய 24 தாயரின் சிசுக்களையும் பயன்படுத்தாத 20 தாயரின் சிசுக்களையும் ஒப்பிட்டு, 1994 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். மூன்றாம் நாளில் வேற்றுமை இல்லை. முப்பதாம் நாளிலோ, கஞ்சா பயன்படுத்திய தாயரின் சிசுக்களே சில அளவைகளில் மேம்பட்டு நின்றன. அதனைக் கஞ்சாவின் நன்மை என்று அவர் முடிவு கட்டவில்லை. அத்தாயர் தம் கையிற் பணமுடையோராயும், துணை மிகுந்தோராயும், வீட்டுச் சுமை குறைந்தோராயும் இருந்தனர் என்பதைச் சுட்டிக் காட்டினார். தாயின் வாழ்வும் குழந்தையின் மூளையைக் கட்டும் கருவிகளுள் ஒன்று என்பது இதனாற் பெறப்படும்.

இந்தச் சிக்கலைப் பிற்கால ஆய்வுகளும் உறுதி செய்தன. ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரிற் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தோர், தாய் கர்ப்ப காலத்திற் கஞ்சா பயன்படுத்தியிருந்தால் பத்து வயதுப் பிள்ளையிடம் இல்லாத குரல் கேட்டல் போன்ற அனுபவங்கள் சற்று மிகுதியாக இருப்பதைக் கண்டனர். அதே ஆய்விலே, தந்தை மட்டும் பயன்படுத்தியிருந்தாலும் அத்தகைய தொடர்பு காணப்படுவது 2018 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தந்தையின் புகை கருவின் மூளையை நேரே சென்றடைவதில்லை. ஆகவே, குடும்பத்தின் பரம்பரைக் கூறுகளும் வீட்டுச் சூழலும் இத்தொடர்பிற் பங்குகொள்கின்றன என்று கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரைப் பதிவு செய்த பேராய்வு ஒன்றிலிருந்து 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவோ, தாம் கருவுற்றதை அறிந்த பின்னரும் கஞ்சாவை விடாத தாயரின் பிள்ளைகளிடம் இத்தகைய அனுபவங்களும் கவனக் குறைவும், ஏனைய காரணங்களைக் கழித்த பின்னரும், சிறிதளவு எஞ்சி நிற்பதைக் காட்டிற்று. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் சங்கமும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாயரும் கஞ்சாவைத் தவிர்த்தல் வேண்டும் என்று அறிவுறுத்தியது.

மூளை கட்டப்படும் காலம் கருவோடு முடிவதில்லை. பன்னிரண்டு வயது முதல் இருபதுகளின் நடுப்பகுதி வரையில் மூளை இரண்டாம் முறை திருத்தி அமைக்கப்படுகின்றது. தோட்டக்காரன் வேண்டாத கிளைகளைக் கழித்து மரத்தை உருவாக்குவது போல, பயன்படாத நரம்பிணைப்புக்கள் கழிக்கப்பட்டுப் பயன்படுபவை வலுவடைகின்றன. கழிக்கும் பணியிலும் உடலின் ஆனந்தப் பொருள்களுக்குப் பங்குண்டு. கஞ்சாவைப் பெரும்பாலோர் முதன்முதலிற் சுவைத்துப் பார்ப்பதும் இவ்வயதிலேயே.

1969, 1970 ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டிலே கட்டாயப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர் 45,570 பேரிடம் அவர்களுடைய பழக்கவழக்கங்கள் கேட்டுப் பதிவு செய்யப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், மருத்துவமனை ஏடுகளோடு அப்பதிவுகளை ஒப்பிட்டனர். சேவைக்கு வருமுன் ஐம்பது முறைக்கு மேற் கஞ்சா பயன்படுத்தியிருந்தோருக்கு, உளப்பிளவு நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஆறு மடங்காய் இருந்தது. இச்செய்தி 1987 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனநோயின் தொடக்க நிலையிலிருந்தோரே கஞ்சாவை நாடியிருக்கலாம் அன்றோ என்னும் ஐயம் உடனே எழுந்தது. 2002 ஆம் ஆண்டில் இன்னும் நீண்ட காலத்துக்கு அவர்களைத் தொடர்ந்து, பிற காரணங்களையும் கணக்கிற் கொண்டபோது, தொடர்பு தளர்ந்ததாயினும் மறைந்துவிடவில்லை. கஞ்சா பயன்படுத்தியோருள் மிகப் பெரும்பாலோர்க்கு அந்நோய் வரவில்லை என்பதும் அதே ஏடுகள் கூறும் உண்மையாகும்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1,037 குழந்தைகளை ஆராய்ச்சியாளர் பிறப்பு முதல் பின்தொடர்ந்தனர். பழக்கம் தொடங்கு முன்னரே மனநிலை அளக்கப்பட்டிருந்தமை அவ்வாய்வின் சிறப்பு. பதினைந்து வயதுக்குள் கஞ்சாவைத் தொடங்கியோருள் நூற்றுக்குப் பத்துப் பேரும், மற்றையோருள் நூற்றுக்கு மூவரும், இருபத்தாறு வயதிலே உளப்பிளவை ஒத்த நோய்க்கு ஆளாகியிருந்தனர் என 2002 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாவது முடிவு மேலும் பரபரப்பை விளைவித்தது. குமரப் பருவத்திலே தொடங்கி நெடுங்காலம் விடாது பழகியோரின் நுண்மதி ஈவு, முப்பத்தெட்டு வயதுக்குள் எட்டுப் புள்ளிகள் வரை குறைந்திருந்தது. வளர்ந்த பின் தொடங்கியோரிடம் அவ்வீழ்ச்சி காணப்படவில்லை. குமரப் பருவத்திற் பழகியோர் பின்னர் விட்டபோதும், இழந்தது முழுவதும் மீளவில்லை.

இம்முடிவும் எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. வறுமையும் குடும்ப நிலையுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்று ஒருவர் மறுத்தெழுதினார். 2016 ஆம் ஆண்டில் இரட்டையரை ஆராய்ந்தோர், இரட்டையருள் ஒருவர் கஞ்சா பயன்படுத்தி மற்றவர் பயன்படுத்தாதவிடத்தும், இருவருடைய நுண்மதி ஈவிலும் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டினர். விலங்குகளில் நடத்திய பரிசோதனைகளோ வறுமையென்றும் குடும்பமென்றும் காரணம் காட்ட இடமளிப்பதில்லை. ஒரே வகைக் கூட்டிலே ஒரே உணவில் வளர்ந்த எலிகளுள், குமரப் பருவத்திலே ரி.எச்.சி. பெற்றவை, வளர்ந்த பின்னரும் நினைவிற் பின்தங்கின; வளர்ந்த பின் அதே பொருளைப் பெற்ற எலிகளிடம் அத்தகைய நீடித்த குறை அரிதாகவே காணப்பட்டது. அளவு எத்துணை, குடும்பத்தின் பங்கு எத்துணை என்பவை இன்னும் விவாதத்துக்கு உரியனவாயினும், காலம் முக்கியம் என்பதில் ஆராய்ச்சிகள் பல ஒன்றுபடுகின்றன.

இவ்வரலாற்றில் இன்னும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பழைய ஆய்வுகள் அளந்த கஞ்சா வேறு. பின்னாளில் விற்கப்பட்ட கஞ்சா வேறு. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4 பங்கு அளவிலிருந்த ரி.எச்.சி., 2014 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு உயர்ந்தது. பாட்டன் புகைத்துக் கெடவில்லை என்பது பேரனுக்குச் சான்றாகாது. இரண்டாவது, செடி முழுவதும் தீயது என்று கூறுதலும் உண்மையாகாது. அதே செடியில் மயக்கம் தராத கன்னாபிடியோல் என்னும் பொருளும் உண்டு. பிள்ளைகளை வருத்தும் சில கொடிய வலிப்பு நோய்களுக்கு அதனைத் தூய மருந்தாக வழங்க, 2018 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் திணைக்களம் இசைவளித்தது. நாற்பது நாட் குழந்தைக்கு ஓஷானெசி துளித்துளியாகக் கொடுத்த மருந்துக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பதில் கிடைத்தது எனலாம். ஆயின் அது வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தே. புகைக்கும் இலை அன்று.

நாடுகளின் சட்டங்களும் காலத்தோடு மாறின. இலங்கையிலே 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கஞ்சாவை அபினியோடு சேர்த்துத் தடுத்தது. 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம், சுதேச வைத்தியர் மருந்து செய்தற்கு வேண்டிய அளவைப் பெற வழி வைத்தது. அதே 1961 ஆம் ஆண்டில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களோடு சேர்த்தது. 2018 ஆம் ஆண்டிற் கனடா கஞ்சா விற்பனையைச் சட்டப்படி அனுமதித்தபோது, பெரும்பாலான மாகாணங்கள் பத்தொன்பது வயதை எல்லையாக வைத்தன. கியூபெக் மாகாணம் 2020 ஆம் ஆண்டில் அவ்வெல்லையை இருபத்தொன்றாக உயர்த்தியது. வளர்ந்தோர்க்கு விடுதலை அளித்த சட்டமும், வளரும் மூளைக்கு வேலி கட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது.

பீதியை ஊட்டுவதாற் பிள்ளைகள் காக்கப்படுவதில்லை. ஒருமுறை புகைத்தால் பித்துப் பிடிக்கும் என்று இளைஞனுக்குக் கூறினால், புகைத்தும் பித்துப் பிடிக்காத தன் தோழனைக் கண்டவுடன், அவன் கூறியவரின் சொல் அனைத்தையுமே தள்ளிவிடுவான். 1892 ஆம் ஆண்டின் ஏட்டில் விசாரியாமற் 'கஞ்சா' என்று எழுதிய எழுத்தரின் பிழையும் இவ்வகையினதே. மறுபுறத்தில், இயற்கை தந்த இலைதானே, இதனாற் கேடென்ன என்று அசட்டையாய் இருப்போரும் உளர். மூன்று வயதிலே வேற்றுமை இல்லை என்று கண்டு திரும்பிவிடுவதை ஒத்தது அவர்கள் நிலை. கருவுற்ற தாயை ஏசுவதும் அவளுக்கு உதவாது. ஏச்சுக்கு அஞ்சுபவள் வைத்தியரிடம் உண்மையை மறைப்பாள். யமேக்காத் தாயரின் சிசுக்கள் காட்டியபடி, அவளுக்கு வேண்டுவது துணையும் ஆதரவுமே.

பிள்ளைகளைப் பாதிக்கின்றதா என்று 1893 ஆம் ஆண்டிலே ஆணைக்குழு கேட்டது. பாதிக்கக்கூடும், எல்லோரையும் அன்று, ஒரே அளவிலும் அன்று, ஆயினும் மூளை கட்டப்படும் காலத்திலே அப்பாதிப்பு ஆழமாகவும் நீடித்தும் நிற்கக்கூடும் என்பதே இதுவரை கிடைத்துள்ள விடை. ஒட்டாவாவிலும் பிற்ஸ்பேர்க்கிலும் டனீடினிலும், தம்மையும் தம் மக்களையும் ஆண்டுக்கணக்காக அளக்க இசைந்த தாயரும் பிள்ளைகளும் அவ்விடைக்கு உரிய சாட்சிகளாயினர். அச்சாட்சியத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் இளையோருக்கு எடுத்துரைப்பது, வளர்ந்தோர் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.